வீட்டுக் கட்டுமானக் குறைகளைக் கண்டறிதலும் பொறுப்பானவரைக் கேட்டலும்: குமரி மாவட்டத்தில் முதல் வீடு கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு குடும்பம் வீடு கட்டுகிறது என்றால், பெரும்பாலும் தன் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அதில் போடுகிறது என்று பொருள். வளைகுடாவில் உழைப்பவர் மாதந்தோறும் பணம் அனுப்ப, ஊரில் மாமனாரோ அண்ணனோ மேற்பார்வை பார்க்க, சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்ட காண்ட்ராக்டர் வீட்டைக் கட்டித் தருகிறார். பால்காய்ச்சிக் குடிபுகுந்து இரண்டு மழைக்காலம் கழிந்ததும் சுவரில் கீறல் தெரிகிறது, தளத்தில் ஓதம் இறங்குகிறது. அப்போது கொத்தனார் மணலைக் குறை சொல்கிறார். காண்ட்ராக்டர் மண்ணைக் குறை சொல்கிறார். வரைபடம் போட்டவரோ, தாம் பஞ்சாயத்து அனுமதிக்கு மட்டுமே வரைந்து கொடுத்ததாகச் சொல்லி விலகிக்கொள்கிறார். வீட்டுக்காரருக்கு யாரிடம் போவது என்று தெரிவதில்லை.

ஒரு குறை எதனால் வந்தது என்று தெரியாதவரை, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. ஆகவே முதலில் காரணத்தைத் தேட வேண்டும். பிறகு அந்தக் காரணத்துக்கு இடம்கொடுத்த முடிவை எடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். சட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை மாற்றி, கோபத்தில் முதலில் வழக்கறிஞரிடம் ஓடுகிறவர்கள் ஆதாரமில்லாத வழக்கை நடத்த நேர்கிறது. இக்கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் படி: வீடு நிற்கும் நிலத்தை அறிதல்

குறை சுவரில் தெரிந்தாலும் அதன் வேர் பல நேரங்களில் மண்ணில் இருக்கிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களில் நாஞ்சில் நாட்டு வயல்கள் பல மனைகளாக மாறியுள்ளன. வயலை மேடாக்கக் கொட்டிய மண், சரியாக இறுக்கப்படாவிட்டால், பல ஆண்டுகள் தானாகவே அமிழ்ந்துகொண்டிருக்கும். அடியில் இருப்பதோ நீர் ஊறிய களிமண். அத்தகைய மனையில் வானம் (அடித்தளத்துக்கான குழி) தோண்டியபோது, கொட்டிய மண்ணைக் கடந்து அடியிலுள்ள கெட்டியான மண் வரைக்கும் போனார்களா என்பதே முதல் கேள்வி. சிறிய வீடுதானே என்று மூன்றடி ஆழத்தில் கருங்கல் கட்டி எழுப்பியிருந்தால், வீடு முழுவதும் கொட்டிய மண்ணின் மேல்தான் நிற்கிறது.

விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு வட்டங்களில் சிக்கல் வேறு. அங்கே சரிவான நிலத்தில் ஒரு பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் நிரப்பி மனையைச் சமப்படுத்துவது வழக்கம். வெட்டிய பக்கம் கெட்டியாகவும் நிரப்பிய பக்கம் இளக்கமாகவும் இருப்பதால், வீட்டின் ஒரு பாதி நின்ற இடத்தில் நிற்க, மறுபாதி மெல்ல இறங்குகிறது. செம்மண் காய்ந்திருக்கும்போது கடப்பாரைக்கும் எளிதில் வளையாது. ஆனால் மழையில் நன்றாக ஊறியபின் அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் சரிவில் கட்டிய தாங்குசுவரில் நீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா, அத்துளைகளுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். துளை இல்லாத தாங்குசுவர் தனக்குப் பின்னால் உள்ள மண்ணோடு சேர்த்துத் தேங்கிய தண்ணீரின் அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. அது சரியும்போது வீட்டையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

மூன்றாவது கடற்கரை. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள கடலோர ஊர்களில் மண்ணைவிடக் காற்றும் தண்ணீருமே வீட்டுக்குப் பெரிய சோதனை. அதைத் தனியே பார்ப்போம்.

இரண்டாம் படி: கீறலைப் படித்தல்

எல்லாக் கீறலும் ஆபத்தானதல்ல, எல்லாக் கீறலும் சாதாரணமானதும் அல்ல. கீறல் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, வளர்கிறதா நின்றுவிட்டதா என்ற மூன்றையும் பார்த்தால், பெரும்பாலான கீறல்களின் காரணத்தை ஒரு புதியவரும் ஓரளவு ஊகிக்க முடியும்.

பூச்சின் மேல் வலை பின்னியதுபோல் எல்லாத் திசையிலும் ஓடும் மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடுபவை. சிமெண்ட் அதிகமாகப் போட்டதாலோ, பூசியபின் போதிய நாள் தண்ணீர் ஊற்றாததாலோ பூச்சு சுருங்கியிருக்கிறது. இது வேலைத்தரக் குறைதான், ஆயினும் வீட்டின் உறுதியைக் குறைப்பதில்லை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடும் கீறலும் அப்படியே. இருவேறு பொருள்கள் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இருவேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. பூசுவதற்கு முன் அந்த இணைப்பின் மேல் கோழிவலை அடித்திருந்தால் அது பெரும்பாலும் வந்திருக்காது. மேல்தளத்தில் கூரைக்குச் சற்றுக் கீழே, சுவர் நெடுகப் படுக்கையாக ஓடும் கீறல் வெயிலில் கான்கிரீட் தளம் விரிவதால் உண்டாகிறது. மேற்கு வெயில் படும் அறைகளில் இது கூடுதலாகத் தெரியும்.

கவலைப்பட வேண்டியவை இனிமேல் வருபவை. செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல ஏறிச்செல்லும் சாய்ந்த கீறல், அடித்தளம் சீரில்லாமல் இறங்குவதன் அடையாளம். அக்கீறல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சுவரின் முனை இறங்குகிறது என்றும், கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். இதனோடு கதவு நிலையில் உரசத் தொடங்கினால், சன்னல் மூடாமல் போனால், சந்தேகம் உறுதிப்படுகிறது. பழைய வீட்டோடு பின்னாளில் சேர்த்துக் கட்டிய கார் ஷெட்டோ சமையலறையோ பிரிந்து வருவதும் இவ்வகையே. பழைய பகுதி ஏற்கெனவே இறங்கி நின்றுவிட்டது, புதிய பகுதி இப்போதுதான் இறங்கத் தொடங்குகிறது.

உத்திரத்தில் வரும் கீறலை ஒருபோதும் பூசி மறைக்காதீர்கள். உத்திரத்தின் நடுப்பகுதியில் அடிப்புறமிருந்து மேல்நோக்கி ஏறும் கீறல் வளைவினால் வருவது. அது மிக மெல்லியதாக இருந்தால் கான்கிரீட்டின் இயல்பாகவும் இருக்கலாம், அகலமாக இருந்தால் கம்பி போதவில்லை என்று பொருள். தூணை ஒட்டிய முனைப்பகுதியில் சாய்வாக ஓடும் கீறல் இதைவிட மோசமானது. அங்கே கம்பியைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் போதாமலோ இடைவெளி கூடுதலாகவோ இருக்கக்கூடும். இவ்வகை உடைப்பு முன்னறிவிப்பின்றி நேரக்கூடியது என்பதால், அதைக் கண்ட அன்றே அந்த உத்திரத்தின் கீழ் முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். தூணில் செங்குத்தாக வரும் பிளவுக்கும் இதே அவசரம் பொருந்தும்.

சன்ஷேடையும் பால்கனியையும் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதுபற்றி நம் ஊர்களில் விழிப்புணர்வு போதவில்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே கிடக்கும் தளம் பாரத்தால் கீழ்நோக்கித் தொய்கிறது. இழுவிசை அடிப்புறத்தில் ஏற்படுவதால் கம்பி அடிப்புறத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள சன்ஷேடிலும் பால்கனியிலும் இது தலைகீழாகிறது: இழுவிசை மேல்புறத்தில் ஏற்படுவதால் கம்பியும் மேல்புறத்தில்தான் இருக்க வேண்டும். கட்டும்போது கம்பியைச் சரியாகவே கட்டியிருப்பார்கள். ஆனால் கான்கிரீட் போடும் நாளில் கையாட்கள் அதன் மேல் ஏறி நடக்க, கம்பி அடிப்பலகைக்கு இறங்கிவிடுகிறது. கான்கிரீட் மூடிய பிறகு எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. அத்தகைய சன்ஷேட் வேரோடு ஒடிந்து விழக்கூடும். அதில் கீறல் விழும் இடம் மேல்புறத்தில், சுவரோடு சேரும் வேர்ப்பகுதி. கீழிருந்து பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. மழை விட்டபின் மாடியிலிருந்தோ ஏணியிலிருந்தோ அந்த வேர்ப்பகுதியைப் பாருங்கள். சுற்றுப்புறம் காய்ந்த பின்னும் கீறல் உள்ள கோடு மட்டும் சற்று நேரம் கறுத்து ஈரமாகத் தெரியும். பூந்தொட்டிகளை வரிசையாக வைப்பதற்கோ, வெள்ளையடிக்க ஆள் ஏறுவதற்கோ முன்பு இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: கம்பியையும் கடற்காற்றையும் கவனித்தல்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டினம் போன்ற ஊர்களில், ஆண்டுகள் அதிகம் ஆகாத வீடுகளிலும் தளத்தின் அடிப்புறம் பெயர்ந்து துருவேறிய கம்பி வெளியே தெரிவதைக் காணலாம். கடற்கரை வீடென்றால் இப்படித்தான் என்று அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இது முன்கூட்டித் தெரிந்து தவிர்க்கக்கூடிய குறை.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டினால் அந்தக் காப்பு உடைகிறது. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கிறது. கம்பி ஓடும் கோட்டிலேயே நேராகக் கீறல் விழுவதும், பழுப்புநிறக் கறை படிவதும், தட்டினால் பொள்ளல் ஓசை கேட்பதும் அதன் முதல் அடையாளங்கள்.

உப்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கட்டும்போதே கலந்துவிடுவது: கடல் மணலைக் கழுவாமல் சேர்ப்பது, கடலோரக் கிணற்றின் உவர்நீரைக் கலவைக்குப் பயன்படுத்துவது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், கான்கிரீட்டில் மொத்தக் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456:2000 கூறுகிறது. மற்றொன்று, காற்றிலிருந்து மெல்ல மெல்ல ஊடுருவுவது. இதைத் தடுப்பது கான்கிரீட்டின் அடர்த்தியும், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையிலுள்ள கவர் எனப்படும் கனமும்தான். கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தும் அதே தர நிர்ணயம், அதற்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் (இந்த எண் கூடினால் வலிமையும் கூடும்) 45 மி.மீ. கவரும் வேண்டும் என்கிறது. ஆனால் உள்நாட்டில் மென்மையான சூழலில் நிற்கும் வீட்டுக்குப் போதுமான எம்20 தரத்தையும் 20 மி.மீ. கவரையுமே கடலோரத்திலும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வீட்டுக்கு இப்படி வடிவமைத்துக் கொடுத்திருந்தால், அந்தக் குறை கொத்தனாரிடமிருந்து தொடங்கவில்லை, வடிவமைத்தவரிடமிருந்து தொடங்குகிறது.

கம்பியை உரிய தூரத்தில் நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல், உடைந்த ஓட்டுத்துண்டையோ ஜல்லியையோ கம்பிக்கு அடியில் செருகுவது, கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் போடாமல் கம்பியால் குத்திவிடுவது, கலவை இளக வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டுவது ஆகிய மூன்றும் வேலைத்தரக் குறைகள். முட்டுப் பிரித்தவுடன் தூணின் அடியிலும் உத்திரத்தின் ஓரத்திலும் ஜல்லி தனியே தெரியும் தேன்கூடு போன்ற பொத்தல்களைக் கண்டால், சிமெண்ட் பால் பூசி மறைப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் சுவர்களுக்கோ உத்திரங்களுக்கோ இடையே நான்கரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும், ஆறு மீட்டர் வரையுள்ள உத்திரத்துக்கு 14 நாளும், அதற்கு மேல் 21 நாளும் முட்டு நிற்க வேண்டும். தளத்தில் தண்ணீர் தேக்கி வைப்பது சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் 10 நாளுக்குக் குறையக்கூடாது, 14 நாள் வைத்தால் நல்லது. மழை பெய்கிறதே, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். குமரியில் மழைக்கு நடுவே வரும் வெயில் நாளில் புதிய தளம் வெகு விரைவில் காய்ந்துவிடும்.

நான்காம் படி: தண்ணீர் போகும் வழியைப் பார்த்தல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. வீட்டைப் பெற்றுக்கொள்ளும் நாளைக் கூடுமானவரை ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. முடியாதபோது செயற்கையாகச் சோதிக்கலாம். நம் ஊரில் மட்டுப்பா என்று சொல்லும் மொட்டைமாடியின் வடிகுழாயை அடைத்து, ஓரிரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி ஒரு முழு நாள் விட்டு, கீழ்த்தளத்தில் ஈரம் பரவுகிறதா என்று பார்க்க வேண்டும். குளியலறையில் ஓடு பதிப்பதற்கு முன்பே, தாழ்த்தி வார்த்த தளத்தில் இதைச் செய்வது இன்னும் முக்கியம். ஓடு பதித்த பிறகு வரும் கசிவைச் சரிசெய்ய எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருக்கும்.

சுவரின் அடிப்பகுதியில் மூன்றடி உயரம் வரை ஈரம் ஏறி, பெயிண்ட் உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்தால், நிலத்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை போடவில்லை, அல்லது பிறகு முற்றத்தில் மண் கொட்டி உயர்த்தியபோது அந்தப் படைக்கு மேலே மண் போய்விட்டது. இரண்டாவது காரணமாக இருந்தால் அது வீட்டுக்காரர் செய்த மாற்றம். காண்ட்ராக்டரைக் கேட்பது நியாயமாகாது.

ஐந்தாம் படி: பதிவு செய்தல்

கீறலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கீறலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு பக்கமும் ஒட்டி வைத்தால், கீறல் விரியும்போது கண்ணாடி உடைந்துவிடும். மாதம் ஒருமுறை, இரண்டு பருவமழைகளையும் கடக்கும்வரை பாருங்கள். கோட்டைத் தாண்டிக் கீறல் நீண்டால் அது வளர்கிறது. ஆனால் உத்திரத்திலும் தூணிலும் பால்கனி வேரிலும் கண்ட கீறலுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அங்கே உடனே பொறியாளர் வர வேண்டும்.

படங்களோடு சேர்த்து, பணம் கொடுத்த வங்கிப் பதிவுகள், சிமெண்டு, கம்பி வாங்கிய ரசீதுகள், வாட்ஸ்அப்பில் காண்ட்ராக்டர் அனுப்பிய செய்திகள், வேலை நடந்தபோது வெளிநாட்டிலிருப்பவருக்கு அனுப்பிய படங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் சேமியுங்கள். கான்கிரீட் மூடுவதற்கு முன் கம்பி எப்படி இருந்தது என்பதற்கு, பல குடும்பங்களில் அந்த வாட்ஸ்அப் படமே எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி.

ஆறாம் படி: சுதந்திரமான கருத்தைப் பெறுதல்

வீட்டைக் கட்டியவரோடு தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்து, எழுத்தில் அறிக்கை கேளுங்கள். கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியல் சோதனை, உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று காட்டும் மீயொலிச் சோதனை, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டர் ஆகியவை வீட்டை உடைக்காமல் செய்யக்கூடியவை. ரீபவுண்ட் சுத்தியலின் அளவை மட்டும் வைத்து வலிமையை முடிவுசெய்யக்கூடாது. தகராறு பெரிதானால் உருளை வடிவில் கான்கிரீட்டை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் அழுத்திப் பார்ப்பதே உறுதியான வழி. நாகர்கோவிலையும் தக்கலையையும் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் பல இருப்பதால், கட்டணம் பெற்றுச் சோதனை செய்துதரும் கட்டுமான ஆய்வகம் எதில் இருக்கிறது என்று கேட்டறிந்து செல்லலாம்.

அறிக்கையில் குறைகளின் பட்டியல் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, எந்தத் தர நிர்ணயத்தின் எந்த விதி மீறப்பட்டது, சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த ஆணையத்திலும் இழப்பீடு கேட்பது கடினம். வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் பொறியாளர் வந்து பார்த்தாரே என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் பார்த்தது கடனுக்கு ஈடான மதிப்பையும் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதையும்தான். தரத்துக்கு அவர் சான்று தரவில்லை.

ஏழாம் படி: யாருடைய முடிவு என்று பார்த்தல்

காரணம் தெரிந்தபின் அதை ஆளோடு பொருத்த வேண்டும். மண்ணைச் சோதிக்காமல் அடித்தளத்தின் ஆழத்தை முடிவுசெய்தது, கடலோரத்துக்குப் போதாத கவரையும் தரத்தையும் குறித்தது, கம்பியின் அளவு போதாமல் போனது ஆகியவை வடிவமைப்புக் குறைகள். இவற்றுக்கு வடிவமைத்த பொறியாளரே பொறுப்பு. வரைபடத்தில் சரியாக இருந்தும் வேலைத்தளத்தில் மாறிப்போனது வேலைத்தரக் குறை. அதற்குக் காண்ட்ராக்டர் பொறுப்பு, மேற்பார்வைக்கென்று கட்டணம் வாங்கிய பொறியாளர் இருந்தால் அவரும் பொறுப்பு. தொழில்முறை வல்லுநர் ஒருவரிடம் சட்டம் எதிர்பார்ப்பது, அத்தொழிலில் சராசரித் திறன் உள்ள இன்னொருவர் அதே நிலையில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை. கண்ட குறை ஒவ்வொன்றும் அவருடைய கவனக்குறைவாகிவிடாது.

இங்கேதான் குமரி வழக்கத்தின் பெரிய ஓட்டை இருக்கிறது. பஞ்சாயத்து அனுமதிக்காகப் போடும் வரைபடத்தில் அறைகளின் அளவும் மனையின் எல்லையும் இருக்கும். கம்பியின் விவரம் ஒன்றும் இருக்காது. கம்பி எத்தனை, எந்த அளவு, எங்கே என்பதை வேலைத்தளத்தில் கொத்தனாரோ மேஸ்திரியோ பழக்கத்தால் முடிவுசெய்கிறார். அப்படியானால் அந்த வீட்டை வடிவமைத்தவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அத்தகைய வீட்டுக்குப் பணிநிறைவுச் சான்றும் தேவையில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் அரசு அலுவலர் எவரும் வந்து பார்ப்பதில்லை என்பதால், கம்பி விவரமுள்ள கட்டமைப்பு வரைபடத்தைக் கையொப்பத்தோடு கேட்டு வாங்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் மேல் விழுகிறது.

கட்டிடக்கலைஞர் என்ற பட்டத்தைப் பயன்படுத்துகிறவர் 1972ஆம் ஆண்டுக் கட்டிடக்கலைஞர்கள் சட்டத்தின்படி கட்டிடக்கலை மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தொழில் ஒழுங்கை மீறினால் அம்மன்றத்திடம் முறையிடலாம். அனுமதி வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியாளர், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-இன்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூலி ஒப்பந்தமா, பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தமா என்பது அடுத்த கேள்வி. கூலி ஒப்பந்தத்தில் மணலும் கம்பியும் சிமெண்டும் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தவை. மணலில் உப்பு இருந்தால் காண்ட்ராக்டரைக் குற்றம் சொல்வது எளிதல்ல. தூண் தடிமனாகத் தெரிகிறது, சுவருக்குள் அடங்கட்டும் என்று வீட்டுக்காரர் கட்டாயப்படுத்தியிருந்தாலும், ஒரு தளத்துக்குப் போட்ட அடித்தளத்தின் மேல் இரண்டாம் தளம் எழுப்பச் சொல்லியிருந்தாலும், பொறுப்பின் ஒரு பங்கு அவருக்கும் உண்டு. ஆயினும், அது ஆபத்தானது என்று எடுத்துச் சொல்லி மறுக்க வேண்டிய கடமை பொறியாளருக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்டார், செய்தேன் என்ற பதில் ஒரு வல்லுநருக்குப் போதுமான பதிலாகாது.

இன்னும் கட்டத் தொடங்காதவர்கள் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதும்போது நான்கு விஷயங்களைச் சேர்த்துவிட வேண்டும்: கான்கிரீட்டின் தரமும் கவரும் எண்ணில் குறிப்பிடப்பட வேண்டும், ஒவ்வொரு வார்ப்புக்கும் முன் பொறியாளர் கம்பியைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும், வார்ப்பின்போது 15 செ.மீ. கனசதுரக் கட்டிகள் எடுத்து 28 நாளில் சோதிக்க வேண்டும். மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஓராண்டு, அதாவது இரண்டு மழைக்காலமும் கழியும்வரை, நிறுத்தி வைக்க வேண்டும். நல்ல காண்ட்ராக்டர் இவற்றுக்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

எட்டாம் படி: முறையிடுதல்

முதலில் எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். குறைகளையும், பொறியாளரின் அறிக்கை நகலையும், சரிசெய்யத் தரும் கால அளவையும் குறிப்பிட்டு, ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்ப வேண்டும். உறவுக்காரர், ஒரே சபைக்காரர், ஒரே ஊர்க்காரர் என்பதால் எழுத்தில் கேட்கத் தயங்குகிறவர்கள் பலர். மரியாதையான மொழியில் எழுதிய கடிதம் உறவை முறித்துவிடாது. சொல்லாமல் விட்ட குறை ஆண்டுகள் கழித்து உறவையும் முறித்து வழக்கையும் காலாவதியாக்கிவிடும்.

பதிவு பெற்ற திட்டத்தில் அடுக்குமாடிக் குடியிருப்போ வில்லாவோ வாங்கியவருக்கு, ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு வலுவான பாதுகாப்பு. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையையோ வேலைத்தரக் குறையையோ தெரிவித்தால், விற்றவர் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், நாகர்கோவிலின் புறநகர்களில் ஒன்றிரண்டாகக் கட்டி விற்கப்படும் வீடுகள் பெரும்பாலும் பதிவுக்கு வெளியே நிற்கின்றன. வாங்குமுன் பதிவு எண் உண்டா என்று தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

தம் சொந்த மனையில் காண்ட்ராக்டரை வைத்துக் கட்டியவருக்கு உரிய இடம் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது சேவையே என்பதை உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் 1993-இலேயே உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவையாகவே வரையறுக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்திலும் முறையிட வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். காண்ட்ராக்டர் இதோ வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலம் ஓடிவிடுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ முதலில் அழைத்து வழி கேட்கலாம். வழக்கறிஞருக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் விரைவாக முடிவதும் உண்டு.

முறையீடு நிலுவையில் இருக்கும்போது வீட்டைச் சரிசெய்யலாமா என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. ஆபத்தான பகுதியைச் சரிசெய்யாமல் வைத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, இழப்பைக் குறைக்கத் தம்மால் இயன்றதைச் செய்தாரா என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆகவே முட்டுக் கொடுப்பதையும் ஒழுகலை அடைப்பதையும் உடனே செய்யுங்கள். செய்வதற்கு முன் எதிர்த்தரப்புக்குத் தேதி குறித்து வந்து பார்க்கும்படி எழுதுங்கள். அகற்றும் கான்கிரீட் துண்டுகளையும் துருவேறிய கம்பித் துண்டுகளையும் தேதியிட்டுப் பையில் கட்டி வையுங்கள். துருப்பிடித்த தளத்தைச் சரிசெய்யும்போது, பெயர்ந்த இடத்தில் மட்டும் சிமெண்டு பூசுவதை ஏற்காதீர்கள். கம்பிக்குப் பின்புறம் வரை பழைய கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, துருவை முழுதும் சுரண்டி, கம்பியின் குறுக்களவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, தேவையானால் புதுக் கம்பி சேர்த்த பிறகே புதிய கலவை போட வேண்டும். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் அறிக்கை கொடுத்த அதே பொறியாளர் உடனிருப்பதும், செலவுக்கான ரசீதை வீட்டுக்காரர் பெயரில் வாங்குவதும் இழப்பீட்டுக் கணக்குக்குத் தேவைப்படும்.